டிவிடி ரைட்டரின் வேகத்தையும் எழுத்துத் தரத்தையும் வீட்டிலேயே சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியத் தமிழர் வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்தால் கல்யாண டிவிடி, காதணி விழா, பத்துமலைக் காவடி, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா என்று ஓர் அடுக்கு கிடக்கும். அவற்றில் சில இப்போதே பாதியில் நின்றுவிடுகின்றன. சில பதினைந்து ஆண்டு கழித்தும் தடங்கலின்றி ஓடுகின்றன. இரண்டையும் எழுதிய அன்று மென்பொருள் ஒரே செய்தியைத்தான் காட்டியிருக்கும்: வெற்றிகரமாக முடிந்தது.

அந்தச் செய்தி டிஸ்கின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 'வெரிஃபை' (எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவது) செய்து பார்த்ததும் போதாது. டிரைவ் படிக்கும்போதே பிழைகளைத் திருத்திக்கொண்டுதான் தரவைக் கணினிக்குக் கொடுக்கிறது. திருத்த எவ்வளவு பாடுபட்டது என்பது வெரிஃபையில் தெரியாது. சுத்தமாக எழுதப்பட்ட டிஸ்கும், இன்னும் நாலு பிழை கூடினால் படிக்கவே முடியாமல் போகும் டிஸ்கும் அதில் ஒன்றுபோலவே தேறிவிடும்.

ஆகவே அளக்க வேண்டியவை இரண்டு. டிரைவ் சொன்ன வேகத்தில் உண்மையிலேயே எழுதுகிறதா என்பது ஒன்று. எழுதியதில் எவ்வளவு பிழை இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் டிரைவ், டிஸ்க் ரகம், வேகம் மூன்றும் சேர்ந்த கூட்டணிக்குத்தான் மதிப்பெண். நல்ல டிரைவில் ஒரு ரக டிஸ்க் அருமையாக வரும். அதே டிரைவில் இன்னொரு ரகம் சொதப்பும். சோதனை செய்யாமல் இதை ஊகிக்க வழி இல்லை.

தேவையானவை

எழுதும் டிரைவ் உங்களிடம் இருக்கும். தரத்தை அளக்க இன்னொன்று வேண்டியிருக்கலாம், ஏனென்றால் பிழை எண்ணிக்கையை வெளியே சொல்லும் வசதி எல்லா டிரைவிலும் கிடையாது. லைட்ஆன் ஐஹாஸ் வரிசை (ஐஹாஸ்124, ஐஹாஸ்324 போன்றவை), பென்கியூ டிடபிள்யூ1640, பிளெக்ஸ்டரின் பழைய பிஎக்ஸ்-716, பிஎக்ஸ்-760 ஆகியவை சொல்லும். எல்ஜி டிரைவ்களில் பல சொல்லாது. எழுதுவதில் அவை குறைந்தவை அல்ல, அளக்க மட்டும் உதவாது. கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலும் பினாங்கில் பிராங்கின் மால், கொம்தார் பக்கத்துக் கணினிக் கடைகளிலும் புது டிரைவ் இப்போது அரிதாகத்தான் கிடைக்கும். பழைய மேசைக் கணினியைக் கழித்துப் போடும் அலுவலகங்களிலும், இணையத்தில் பழைய பொருள் விற்பவர்களிடமும் சாட்டா இணைப்புள்ள லைட்ஆன் டிரைவ் தேடிப் பாருங்கள். வாங்கும்போது மாடல் எண்ணை டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே படித்துப் பார்க்க வேண்டும். முகப்பில் எழுதியிருக்கும் பிராண்டை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி செய்ததை இன்னொரு கம்பெனி தன் பெயரில் விற்பது இந்தத் துறையில் சாதாரணம்.

மென்பொருளில், எழுத இம்ஜ்பர்ன் போதும். அதன் கடைசிப் பதிப்பு 2.5.8.0, 2013இல் வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடுகிறது. சில தளங்களில் கிடைக்கும் நிறுவல் கோப்போடு விளம்பர மென்பொருளும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், நிறுவும்போது ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள். அளக்க நீரோ டிஸ்க்ஸ்பீட் அல்லது ஆப்டி டிரைவ் கண்ட்ரோல், லைட்ஆனுக்கு மட்டும் கேபுரோப், பிளெக்ஸ்டருக்கு பிளெக்ஸ்டூல்ஸ். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கியூபிஎக்ஸ்டூல் உண்டு.

டிஸ்க் குறைந்தது ஆறு வேண்டும், ஒரே கோபுரப் பெட்டியிலிருந்து. மேலிருந்து ஆறையும் எடுக்காமல் மேல், நடு, அடி என்று கலந்து எடுங்கள். அடியில் இருப்பவை எடை தாங்கி லேசாக வளைந்திருக்கக்கூடும். அதுவும் சோதனையில் தெரிய வேண்டும்.

யுபிஎஸ் இருந்தால் கணினியை அதில் செருகுங்கள். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும் காலத்தில், ஒரு நொடி மின்தடை ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிஸ்கைக் குப்பையாக்கிவிடும். ஃபர்ம்வேர் (டிரைவின் உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றும்போது அது நடந்தால் டிரைவே போய்விடும்.

எழுதுவதற்கு முன்

முதலில் டிஸ்கை யார் செய்தது என்று பாருங்கள். பெட்டியின் மேல் இருப்பது விற்பவரின் பெயர். உள்ளே டிஸ்கில் பதிந்திருப்பது தொழிற்சாலையின் குறியீடு. வெற்று டிஸ்கை உள்ளே வைத்து இம்ஜ்பர்னைத் திறந்தால் வலப்பக்கத்தில் அந்தக் குறியீடு வரும். எம்சிசி 004 என்றால் மிட்சுபிஷி கெமிக்கலின் 16எக்ஸ் (எக்ஸ் என்பது வேக அளவு, விளக்கம் பின்னால் வரும்) டிவிடி பிளஸ் ஆர். எம்சிசி 03ஆர்ஜி20 என்றால் அதே கம்பெனியின் டிவிடி மைனஸ் ஆர். (பிளஸ், மைனஸ் இரண்டும் ஒருமுறை எழுதும் டிவிடியின் இரு வடிவங்கள்.) டிஒய்ஜி03, யூடன்000 டி03 ஆகியவை தையோ யூடன் டிஸ்குகள். அந்தக் கம்பெனி 2015 முடிவில் இந்தத் தொழிலை விட்டுவிட்டதால் இப்போது கிடைப்பது பழைய இருப்பு மட்டுமே. சிஎம்சி மேக் என்று தொடங்குபவை தைவானின் சிஎம்சி. சிடியில் குறியீடு நேர வடிவில் இருக்கும்: 97 நிமிடம் 24 நொடி 01 என்றால் தையோ யூடன், 97-26-66 என்றால் சிஎம்சி, 97-15-17 என்றால் ரிடெக்.

இந்தக் குறியீடு வெறும் அடையாளம் அல்ல. டிரைவின் ஃபர்ம்வேரில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் லேசர் சக்தி எவ்வளவு, துடிப்பின் நீளம் எவ்வளவு என்று ஓர் அட்டவணை இருக்கிறது. டிஸ்கைப் பார்த்ததும் டிரைவ் அந்த அட்டவணையைத்தான் தேடும். குறியீடு அதில் இல்லை என்றால் பொதுவான ஏதோ ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் வேகத்தையும் குறைத்துவிடும். இங்கேதான் போலி டிஸ்க் ஏமாற்றுகிறது: நல்ல தொழிற்சாலையின் குறியீட்டைத் திருடிப் பதித்திருப்பார்கள், டிரைவ் அதற்கேற்ற சக்தியில் எழுதும், லேசர் எழுதும் சாயப் படலமோ வேறாக இருக்கும். குறியீடு நன்றாக இருந்தும் ஸ்கேன் மோசமாக வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

அடுத்தது ஃபர்ம்வேர். டிரைவ் செய்தவரின் பக்கத்தில் புதியது இருந்தால், சோதனை தொடங்கும் முன்பே ஏற்றிவிடுங்கள். புது ஃபர்ம்வேர் அந்த அட்டவணையையே மாற்றக்கூடும். இடையில் மாற்றினால் முன்னே எடுத்த அளவுகள் எல்லாம் வீண்.

இணைப்பு. மேசைக் கணினியில் சாட்டா கேபிளை நேரடியாக மதர்போர்டில் செருகுங்கள். யுஎஸ்பி வழி என்றால் ஹப் வேண்டாம், கணினியின் பின்பக்கத் துளை நல்லது. கையடக்கமான மெல்லிய யுஎஸ்பி டிரைவ்களில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி மின்சாரப் பற்றாக்குறைதான். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தர வேண்டியது. எழுதும்போது அந்த டிரைவ் அதைத் தாண்டிக் கேட்கும். படிக்கும்போது ஒழுங்காக ஓடி, எழுதத் தொடங்கியதும் டிக் டிக்கென்று ஒலித்து இணைப்பு அறுந்தால் காரணம் இதுவே. யுஎஸ்பி 3.0 துளையில் 900 மில்லிஆம்பியர் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டு தலை கொண்ட கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டிய கோப்பு கணினியின் உள்ளே, எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பென்டிரைவிலிருந்தோ வைஃபை வழியாக இன்னொரு கணினியிலிருந்தோ எடுத்து எழுதினால் நீங்கள் அளப்பது டிரைவின் வேகத்தை அல்ல.

வேகச் சோதனை

'16எக்ஸ்' என்பதில் உள்ள எக்ஸ் சிடிக்கு ஓர் அளவு, டிவிடிக்கு ஓர் அளவு, புளூரேக்கு வேறோர் அளவு. சிடியில் 1எக்ஸ் நொடிக்கு சுமார் 150 கேபி. டிவிடியில் சுமார் 1.385 எம்பி. புளூரேயில் சுமார் 4.5 எம்பி. எனவே 16எக்ஸ் டிவிடிக்கு நொடிக்கு 22 எம்பியும், 6எக்ஸ் புளூரேக்கு 27 எம்பியும் தேவை. யுஎஸ்பி 2.0 நடைமுறையில் 30 முதல் 35 எம்பி வரை தரும் என்பதால் டிவிடிக்குத் தாராளம். 8எக்ஸ் புளூரேக்குப் போதாது.

பலர் ஏமாறும் இடம் அடுத்தது. 16எக்ஸில் எழுதும்போது டிஸ்க் முழுவதும் 16எக்ஸில் எழுதப்படுவதில்லை. டிஸ்க் ஒரே சுழற்சியில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,200 சுற்று, ஓடும். உள்வட்டத்தில் சுற்றளவு சிறிது, வெளிவட்டத்தில் பெரிது. அதனால் உள்ளே சுமார் 6.6எக்ஸில் தொடங்கி, வெளிவிளிம்பைத் தொடும்போதுதான் 16எக்ஸை எட்டும். சராசரி 11எக்ஸ் சொச்சம். தொடக்கத்தில் 6.6 காட்டுகிறதே என்று டிரைவைக் குறைகூற வேண்டாம். 4எக்ஸ் என்றால் முழு டிஸ்கும் ஒரே வேகம். இடைப்பட்ட 8எக்ஸ், 12எக்ஸ் வேகங்களில் சில டிரைவ்கள் படிப்படியாகத் தாவும், சில சாய்வாக ஏறி ஒரு கட்டத்துக்குப் பிறகு சமமாகும்.

செய்முறை:

1. கணினியை மறுபடி தொடக்கி, வைரஸ் தடுப்பு ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், மற்ற வேலைகள் எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. இம்ஜ்பர்னில் 'டிஸ்கவரி' முறைக்குச் செல்லுங்கள். சோதனைக்கென்றே வைத்திருக்கும் முறை இது. கோப்பு எதுவும் கொடுக்காமலே டிஸ்கை நிரப்பி எழுதும். நீரோ டிஸ்க்ஸ்பீடில் 'கிரியேட் டிஸ்க்' பக்கமும் இதே வேலையைச் செய்து, எழுதும்போதே வேகக் கோட்டை வரைந்து காட்டும்.

3. வேகத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். 'மேக்ஸ்' அல்லது 'ஆட்டோ' வேண்டாம். 16எக்ஸ் டிவிடிக்கு 8, 12, 16 ஆகிய மூன்றிலும் தலா இரண்டு டிஸ்க்.

4. டிஸ்கை முழுமையாக நிரப்புங்கள். டிவிடி பிளஸ் ஆரில் 4,700,372,992 பைட், மைனஸ் ஆரில் 4,707,319,808 பைட் இடம் உண்டு. பாதி எழுதி நிறுத்திய சோதனைக்கு மதிப்பில்லை. கோளாறு பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் தலைகாட்டும்.

5. முடிந்ததும் லாக்கை (மென்பொருள் எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவை) சேமியுங்கள். கேட்ட வேகத்துக்குப் பக்கத்தில் 'எஃபெக்டிவ்' என்று வேறு எண் இருந்தால், டிரைவ் நீங்கள் சொன்னதை மறுத்துத் தனக்குத் தோன்றிய வேகத்தை எடுத்துக்கொண்டது என்று பொருள்.

டிஸ்கைச் செலவழிக்காமல் ஒத்திகை பார்க்கும் 'டெஸ்ட் மோட்' டிவிடி மைனஸ் ஆரிலும் சிடியிலும் உண்டு; டிவிடி பிளஸ் ஆரில் கிடையாது. ஒத்திகையில் லேசர் எழுதும் சக்திக்குப் போவதில்லை. கணினி போதிய வேகத்தில் தரவைக் கொடுக்கிறதா என்று மட்டும் அது காட்டும்.

நிரம்பிய டிவிடிக்கு எதிர்பார்க்க வேண்டிய நேரம்: 4எக்ஸில் 14 முதல் 15 நிமிடம், 8எக்ஸில் 8 நிமிடம் சுமார், 12எக்ஸில் ஆறரை, 16எக்ஸில் ஐந்தரை முதல் ஆறு. 16எக்ஸுக்கும் 12எக்ஸுக்கும் இடையே மிச்சமாவது அதிகம் போனால் ஒரு நிமிடம்தான் என்பதைக் கவனியுங்கள். 80 நிமிட சிடி 48எக்ஸில் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

நேரம் கூடினால் கோட்டைப் பாருங்கள். வேகம் திடீரென்று விழுந்து மீண்டும் எழுந்தால், அதே நேரத்தில் பஃபர் (எழுதும் முன் தரவு காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) அளவும் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பஃபர் விழுந்திருந்தால் குற்றம் கணினியின் பக்கம்: மெதுவான வன்தட்டு, பின்னணியில் ஏதோ வேலை, மோசமான கேபிள். பஃபர் நிறைந்திருந்தும் வேகம் விழுந்தால், டிரைவ் லேசர் சக்தியைச் சரிபார்க்க இடையில் நிறுத்தியிருக்கும், அல்லது டிஸ்கின் தரம் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்திருக்கும். ஓரிரு இடத்தில் சின்னப் பள்ளம் இயல்பு. வழிநெடுகப் பள்ளம் என்றால் அந்த டிஸ்க் அந்த வேகத்துக்கு ஏற்றதல்ல.

ஐடிஇ (சாட்டாவுக்கு முந்திய, அகலமான கேபிள் இணைப்பு) உள்ள பழைய கணினியில் எந்த வேகம் கேட்டாலும் மிகக் குறைவாகவே எழுதி, கணினியே தள்ளாடினால், விண்டோஸ் அந்த இணைப்புச் சானலை டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கியிருக்கும். அடுத்தடுத்துப் பிழை வந்தால் அது தானாக அப்படி இறக்கிவிடும், தானாக ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சானலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால் பழைய நிலைக்கு வரும். கேபிளையும் 80 கம்பிக் கேபிளாக மாற்றுங்கள், இல்லையென்றால் மறுபடியும் இறங்கும்.

தரச் சோதனை

டிவிடியில் தரவு 32 கேபி கட்டங்களாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 182 பைட் கொண்ட 208 வரிசைகள். கட்டத்துக்கு இரண்டு அடுக்குக் காவல் உண்டு. முதல் அடுக்கு வரிசை வரிசையாகப் பார்த்து, ஒரு வரிசையில் ஐந்து பைட் வரை தவறு இருந்தாலும் திருத்திவிடும். பிழை கண்ட வரிசைகளின் எண்ணிக்கைதான் பிஐ பிழை. முதல் அடுக்கால் திருத்த முடியாமல் கைவிட்ட வரிசைகள் பிஐ தோல்வி. அவற்றை இரண்டாம் அடுக்கு குறுக்காகப் பார்த்துத் திருத்த முயலும். அதுவும் தோற்றால் பிஓ தோல்வி. அந்த இடத்தில் தரவு போய்விட்டது.

விதிமுறை சொல்லும் எல்லை: அடுத்தடுத்த எட்டுக் கட்டங்களில் பிஐ பிழை 280ஐத் தாண்டக்கூடாது, ஒரு கட்டத்தில் பிஐ தோல்வி 4ஐத் தாண்டக்கூடாது, பிஓ தோல்வி பூஜ்யமாக இருக்க வேண்டும். இவை உச்சவரம்புகள் என்பதை மறக்க வேண்டாம். இன்று எழுதிய டிஸ்க் 280க்குப் பக்கத்தில் நின்றால் அது தேறியதாகாது; நாளாக ஆகப் பிழை கூடத்தான் செய்யும். நல்ல கூட்டணியில் பிஐ பிழையின் உச்சம் 50க்குள் நிற்கும், பிஐ தோல்வி பெரும்பாலான இடங்களில் 0 அல்லது 1, அங்கங்கே 2, 3 தொடும்.

சிடிக்குக் கணக்கு வேறு. நொடிக்கு சி1 பிழை (முதல் அடுக்கு காணும் பிழை) 220க்குள் என்பது விதி. நல்ல டிஸ்கில் சராசரி ஐந்துக்குக் கீழே இருக்கும். சி2, அதாவது இரண்டாம் அடுக்கில் வரும் பிழை, ஒன்றுகூட வரக்கூடாது.

ஸ்கேன் செய்யும் முறை:

எழுதி வெளியே வந்த டிஸ்க் சூடாக இருக்கும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பளபளக்கும் பக்கத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துத் தூசு, விரல்ரேகை பாருங்கள். துடைப்பதானால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீளமாக விழும். நீள்கீறலைத் திருத்துவது டிரைவுக்கு மிகக் கடினம்.

நீரோ டிஸ்க்ஸ்பீடில் 'டிஸ்க் குவாலிட்டி' பக்கத்துக்குச் சென்று அளக்கும் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். லைட்ஆனில் டிவிடிக்கு 4எக்ஸ், பென்கியூவில் 8எக்ஸ் என்பது வழக்கமாகிவிட்ட ஸ்கேன் வேகம். சிடிக்கு 24எக்ஸ் போதும். 48எக்ஸில் டிஸ்கின் அதிர்வே பிழையாகப் பதிவாகும். எந்த வேகத்தை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஓடும்போது கணினியில் வேறு வேலை செய்யாதீர்கள். அளவு விடுபட்டுக் கோட்டில் இடைவெளியும் பொய்யான முனைகளும் வரும். முதல் டிஸ்கை இரண்டு முறை ஸ்கேன் செய்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

ஒரே டிஸ்கை இரண்டு டிரைவில் ஸ்கேன் செய்தால் இரண்டு விதமாக வரும். இது கோளாறு அல்ல. ஒவ்வொரு டிரைவுக்கும் லென்ஸ், சாய்வு, வாசிப்புத் திறன் வேறு. ஆகவே இணையத்தில் யாரோ போட்ட எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் டிரைவில் 8எக்ஸில் எழுதிய டிஸ்கும் 16எக்ஸில் எழுதிய டிஸ்கும் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் கேள்வி.

நீரோ கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் திடமான கருத்து. பிஐ தோல்வியின் உச்சத்தை மட்டும் வைத்து அது போடப்படுகிறது. ஒரு தூசால் ஓர் இடத்தில் மட்டும் முனை எழுந்தாலும் அருமையான டிஸ்கின் மதிப்பெண் சரிந்துவிடும். டிஸ்க் முழுக்க நடுத்தரமாக இருந்தால் மதிப்பெண் தப்பித்துவிடும். கோட்டின் வடிவத்தைப் படிக்கப் பழகுங்கள்.

கோட்டைப் படித்தல்

நாடித்துடிப்பைப் போல, எண்ணிக்கையைவிட அது எப்படி ஓடுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

உள்ளிருந்து வெளிவரை தாழ்வாகச் சென்று, 4 ஜிபியைத் தாண்டியதும் மலைபோல ஏறினால், அது மிகப் பரவலான வடிவம். வெளி விளிம்பில் சாயப் படலம் சீராக இருப்பதில்லை, டிஸ்கின் வளைவும் அங்கேதான் அதிகம், 16எக்ஸில் வேகமும் அங்கேதான் உச்சம். மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. வேகத்தை 12க்கோ 8க்கோ குறைத்த டிஸ்கில் அந்த மலை மறைந்தால் பிரச்சினை தீர்ந்தது. மறையவில்லை என்றால் டிஸ்கே வளைந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் முக்கியமானதை எழுதும்போது கடைசி ஐந்து முதல் பத்து சதவீதத்தைக் காலியாக விடுங்கள்.

தொடக்கத்திலேயே உயர்ந்து போகப்போகத் தணிந்தால், சக்தி அளவீடு சரியாக அமையவில்லை. ஒவ்வொரு முறையும் எழுதும் முன் டிரைவ் டிஸ்கின் உள்விளிம்பில் ஒதுக்கப்பட்ட சின்ன இடத்தில் லேசரைச் சோதித்துச் சக்தியை முடிவு செய்கிறது. அங்கே விரல்ரேகையோ, நடுத்துளையைச் சுற்றிய அழுக்கோ இருந்தால் முடிவு பிசகும். 'பவர் கேலிப்ரேஷன்' பிழை என்று எழுதவே மறுப்பதும் இதன் உறவுதான். லென்ஸ் மங்கிய, லேசர் தளர்ந்த பழைய டிரைவ்களில் அடிக்கடி வரும்.

சமமான இடைவெளியில் மெல்லிய முனைகள் எழுந்தால், அவை டிரைவ் நிறுத்தித் தொடர்ந்த இடங்கள். வேகக் கோட்டை எடுத்து வைத்துப் பாருங்கள், அதே இடத்தில் பள்ளம் இருக்கும். முனையின் உயரம் 4க்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

ஒரே ஓர் உயர்ந்த முனை, மற்றபடி சுத்தம் என்றால் தூசு, கீறல் அல்லது டிஸ்கில் ஒரு புள்ளிக் குறை. துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் எது என்று தெரியும்.

பிஐ பிழை உயர்ந்து பிஐ தோல்வி தாழ்ந்திருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சின்னச் சின்னப் பிழைகள் பரவலாக இருக்கின்றன, முதல் அடுக்கே சமாளிக்கிறது. மாறாக, பிஐ பிழை குறைவாக இருந்தும் பிஐ தோல்வி வழிநெடுக 4, 5 என்று அடர்ந்திருந்தால் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். ஜிட்டர் (எழுதிய குறிகளின் நீளம் பிசகும் அளவு) காட்டும் டிரைவாக இருந்தால் அதையும் பாருங்கள்: 10 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 12ஐத் தாண்டினால் பிழைக் கோடு இப்போது அழகாக இருந்தாலும் மற்ற டிரைவ்கள் தடுமாறும். பிழையும் ஜிட்டரும் முழு டிஸ்கிலும் சேர்ந்து உயர்ந்திருந்தால், ஃபர்ம்வேருக்கு அந்த டிஸ்க் ரகம் தெரியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். டிஸ்க் ரகத்தை மாற்றுங்கள். வேகத்தை மாற்றி அதிகம் பயன் கிடைக்காது.

லைட்ஆன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சில மாடல்கள் ஒரே ரக டிஸ்கை அடுத்தடுத்து எழுதும்போது முந்தைய அனுபவத்தைச் சேமித்து அமைப்பைத் திருத்திக்கொள்ளும். இம்ஜ்பர்னின் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் 'ஹைப்பர்டியூனிங்' என்று அது இருக்கும். அதை இயக்கினால் முதல் இரண்டு டிஸ்கை வைத்து முடிவு செய்யாமல் மூன்றாவது, நான்காவதையும் பாருங்கள்.

பிழை எண்ணும் டிரைவ் இல்லாதவர்களுக்கு

டிஸ்க்ஸ்பீடின் 'பெஞ்ச்மார்க்' பக்கம் எந்த டிரைவிலும் ஓடும். எழுதிய டிஸ்கை உச்ச வேகத்தில் படித்து வேகக் கோடு வரையும். உள்ளிருந்து வெளியே வழுவழுப்பாக ஏறினால் நல்லது. இடையில் சரிந்து எழுந்தால் அந்த இடத்தில் டிரைவ் மறுபடி மறுபடி படித்திருக்கிறது. எழுதிய டிரைவிலேயே படித்துப் பார்ப்பது போதாது. தான் எழுதியதைத் தானே படிப்பது எந்த டிரைவுக்கும் எளிது. வேறு கம்பெனி டிரைவில், முடிந்தால் ஒரு மடிக்கணினியின் மெல்லிய டிரைவிலும் படித்துப் பாருங்கள். இரண்டிலும் கோடு வழுவழுப்பாக வந்தால், பிழை எண்ணிக்கை தெரியாவிட்டாலும் அந்த வேகத்தை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வேகத்தைத் தேர்ந்தெடுப்பது?

மெதுவாக எழுதினால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2எக்ஸ், 4எக்ஸ் டிஸ்க் இருந்த காலத்தில் அதில் பொருள் இருந்தது. இன்றைய 16எக்ஸ் டிஸ்கின் சாயம் வேகமான, வலுவான துடிப்புக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. ஃபர்ம்வேர் எழுதியவர்களும் அந்த வேகங்களையே கவனமாகச் சீராக்கியிருக்கிறார்கள். 4எக்ஸில் எழுதிய டிஸ்க் 8எக்ஸில் எழுதியதைவிட மோசமாக ஸ்கேன் ஆவது சாதாரணமாக நடக்கிறது. எனவே தொடக்கப் புள்ளியாக 16எக்ஸ் டிவிடிக்கு 8 அல்லது 12, 48 முதல் 52எக்ஸ் சிடிக்கு 16 முதல் 24, 6எக்ஸ் புளூரேக்கு 4 என்று வையுங்கள். பிறகு உங்கள் ஆறு டிஸ்கின் கோடுகள் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு வேகங்கள் சமமாக வந்தால், ஒரே வேகத்தில் எழுதிய இரண்டு டிஸ்குகளும் எதில் அதிகம் ஒத்துப்போகின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரமாதமாகவும் அடுத்தது சுமாராகவும் வரும் வேகத்தில் கல்யாண வீடியோவை எழுத முடியாது.

புளூரேயில் பிஐ, பிஓ என்ற பெயர்கள் கிடையாது. எல்டிசி, பிஐஎஸ் என்று இரண்டு பிழை எண்கள் வரும். எல்டிசியின் சராசரி 13க்குள்ளும் பிஐஎஸ்ஸின் உச்சம் 15க்குள்ளும் நிற்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. படிக்கும் முறை டிவிடி போலவே.

பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு ஸ்கேனையும் படமாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே டிஸ்க் குறியீடு, டிரைவ், ஃபர்ம்வேர், எழுதிய வேகம், தேதி எல்லாம் வரும்படி வையுங்கள். டிஸ்கின் மேல் தாள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். சமநிலை கெட்டு, வேகமாகச் சுழலும்போது அதிர்ந்து நல்ல டிஸ்கும் பிழை காட்டும். நடுவில் உள்ள தெளிவான வளையத்தில் நீர் கலந்த மையுள்ள மார்க்கரால் எண் போட்டால் போதும்.

டிஸ்குகளுக்குச் சொல்லப்படும் ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம், வெப்பம் 23 டிகிரிக்குள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ திறந்த அலமாரியில் ஈரப்பதம் அதற்கு வெகு மேலே நிற்கும். கேமரா லென்ஸுக்கு வாங்கும் உலர்பெட்டியில் 40 முதல் 45 சதவீதம் வைத்து, ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனி நெகிழிப் பெட்டியில் நிற்க வையுங்கள். தாள் உறை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த டிஸ்கின்மேல் பனி படியும். அறை வெப்பத்துக்கு வந்து காய்ந்த பிறகே டிரைவில் வைக்க வேண்டும், ஸ்கேனுக்கும் இதே விதி.

எழுதிய ஆறாம் மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, அதே டிரைவில் அதே வேகத்தில் மறுபடி ஸ்கேன் செய்து பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டி முழுவதையும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு டிஸ்க், அதிலும் முதல் ஸ்கேனில் சுமாராக வந்தவை. பிஐ தோல்வியின் மொத்தம் இரட்டித்திருந்தாலோ, வெளி விளிம்பில் பிஐ பிழை 280ஐ நெருங்கினாலோ, டிஸ்க் இன்னும் நன்றாக ஓடுகிறதே என்று காத்திருக்காமல் அந்தப் பெட்டியில் எழுதிய எல்லாவற்றையும் வன்தட்டுக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போது வரிசை முக்கியம்: அசல் டேப்போ கோப்போ வேறெங்கும் இல்லாத டிஸ்குகள் முதலில், அவற்றிலும் ஸ்கேன் மோசமானவை எல்லாவற்றுக்கும் முன்னால்.